பௌர்ணமிக்கு மறுநாள் இரண்டாவது மணி

பௌர்ணமி நிலாவைப் பார்த்தால் பக்தர்களுக்கு அண்ணாமலையார் நினைவுக்கு வருவார். புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு மொட்டைமாடி நினைவுக்கு வரும். பஞ்சாங்கம் சாருக்கு மட்டும் ஏழாம் வகுப்பு வருகைப் பதிவேடு நினைவுக்கு வரும். நிலாவை நிமிர்ந்து பார்த்து, "நாளைக்கு ஒன்பது பேருதான்" என்று பெருமூச்சு விடுகிற இன்னொரு மனிதர் இந்தப் பூமியில் இருக்கிறார் என்று யாராவது காட்டிவிட்டால், நான் மலையை அங்கப்பிரதட்சணமாகவே சுற்றி வரத் தயார். இந்த வயதில், இந்த முழங்காலோடு.

அவருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் மட்டும் அதைப் பார்த்திருக்கிறேன். மற்றபடி பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் எங்களுக்கும் பள்ளி வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் அவர் பஞ்சாங்கம் சார்தான்.

கிரிவலப் பாதையை ஒட்டி, அடி அண்ணாமலைக்குச் சற்று முன்னால் இருந்த ஒரு அரசு நடுநிலைப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியையாகப் போனபோது, அவர் அங்கே கணக்கு வாத்தியார். கீழ்பென்னாத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். ஒல்லியான உடம்பு. சட்டைப் பையில் மட்டும் சதை. அந்தப் பைக்குள் மடித்து வைத்த பஞ்சாங்கம், அதன்மேல் ஒரு ரப்பர் பேண்ட், அதில் செருகிய பென்சில்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நான் வேலை பார்த்த பள்ளிகளில் கடிகாரம் என்னைப் பார்த்துத்தான் ஓடும் என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். அதைப் புகழ்ச்சி என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பொறுப்பேற்ற முதல் வாரமே எல்லாருடைய பாடக்குறிப்பையும் வாங்கிப் பார்த்தேன். பஞ்சாங்கம் சாருடைய நோட்டைத் திறந்ததும் எனக்குத் தலை சுற்றியது. அந்த மாதத்தின் ஒரு தேதிக்கு நேராக, "சதுர்த்தசி. புதுப் பாடம் கூடாது. வாய்ப்பாடு மட்டும்" என்று எழுதியிருந்தது.

"என்ன சார் இது? பாடக்குறிப்பா, ஜாதகமா?"

"பாடக்குறிப்புதான் மேடம்."

"சதுர்த்தசிக்கும் பின்னத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"அது பௌர்ணமிக்கு முந்தின நாள் மேடம். வீட்ல கடை போடறதுக்கு சாமான் இறக்குவாங்க. புள்ளைங்களுக்கு உடம்புதான் இங்க இருக்கும், மனசு பூரா அங்க. பின்னம் ஏறாது. வாய்ப்பாடு ஏறும், அது தலைக்குப் போகாது, வாய்க்குத்தான் போவும்."

எனக்கு அது திமிராகப் பட்டது. உண்மை என்னவென்றால், அந்த ஊரில் அதைவிடத் துல்லியமான கல்வி உளவியல் கிடையாது. பௌர்ணமி வந்தால் மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டருக்கும் மனிதத் தலைகள்தான். எங்கள் பிள்ளைகளின் வீடுகள் எல்லாம் அந்தப் பாதையில் கடை போடுகிற வீடுகள். டீ, வேர்க்கடலை, தேங்காய் கற்பூரம், தண்ணீர் பாட்டில், செருப்பு பாதுகாக்கும் இடம். மாதத்தில் ஒரு நாள்தான் மகசூல். அந்த நாளில் குடும்பமே கடையில் நிற்கும். மறுநாள் குடும்பமே தூங்கும்.

வேடிக்கை என்னவென்றால், பஞ்சாங்கம் சாருக்கு நல்ல நேரம் கெட்ட நேரம் எதிலும் நம்பிக்கை கிடையாது. ராகு காலத்தில்தான் பரீட்சைத்தாள் கொடுப்பார், எமகண்டத்தில் திருத்துவார். ஆனால் பையில் பஞ்சாங்கம் இருந்ததால் ஊர்க்காரர்கள் பள்ளிக்கே வந்துவிடுவார்கள். ஒருநாள் ஒரு அம்மா தட்டில் வெற்றிலை பாக்குடன் வந்து நின்றாள்.

"சார், பொண்ணுக்கு நிச்சயம் வெச்சிருக்குது. இந்த மாசத்துல நல்ல நாளா ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க."

சார் பஞ்சாங்கத்தைப் புரட்டி, கண்ணை மூடி, விரல் விட்டு எண்ணிவிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வைம்மா."

"அன்னிக்கு இன்னா சார் விசேஷம்?"

"ஸ்கூலு லீவு. உன் சின்னப் பொண்ணு கிளாஸை விடாது."

அந்த அம்மா அப்படியே ஞாயிற்றுக்கிழமையிலேயே வைத்தாள். கல்யாணமும் ஞாயிற்றுக்கிழமை. இன்றுவரை அந்தத் தம்பதி நன்றாக இருப்பதாகக் கேள்வி. அதற்கப்புறம் கூட்டம் ஜாஸ்தியாகிவிட்டது.

அவருடைய இன்னொரு பைத்தியம் தினசரி காலண்டர் தாள். தேதி கிழித்த தாளை எறியவே மாட்டார். அதன் பின்பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கான யோசனைகளைப் பென்சிலால் எழுதி, ஆசிரியர் அறையில் ஒரு ஆணியில் குத்தி வைப்பார். யார் கேட்டார்கள் என்று தெரியாது. ஆனால் எல்லாரும் டீ குடிக்கும்போது அந்த ஆணியைத்தான் படிப்பார்கள், நான் உட்பட, யாரும் பார்க்காதபோது.

"பெற்றோர் சண்டைக்கு வந்தால் பதில் சொல்லாதே, நாற்காலி போடு. உட்கார்ந்தவனால் முழுச் சத்தத்தில் கத்த முடியாது." இது ஒரு தாள். "பயிற்சிக்குப் போகும்போது நோட்டு மறந்தாலும் போன் சார்ஜரை மறக்காதே. அங்கே எல்லாரும் தேடுவது ஞானத்தை அல்ல, பிளக் பாயின்ட்டை." இது இன்னொன்று. "அடிக்கக் கை ஓங்கினால் அந்தக் கையால் கரும்பலகையைத் துடை. துடைத்து முடிப்பதற்குள் கோபம் போய்விடும், பலகையும் சுத்தமாகும்." எங்கள் பள்ளியில் கரும்பலகைகள் பளபளவென்று இருந்ததற்கு இதுதான் காரணம். என் வகுப்பில் மிக அதிகமாகப் பளபளத்தது.

ரமணாசிரமம் பக்கத்து விடுதியில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஒருமுறை வந்தார். காவி வேட்டி, கழுத்தில் மாலை. நம் பிள்ளைகளுக்கு இலவசமாக மௌனம் கற்றுத் தருவதாகச் சொன்னார். நான் விதிமுறை, அனுமதிக் கடிதம் என்று ஆரம்பித்தேன். பஞ்சாங்கம் சார் குறுக்கே வந்து, "எட்டாங்கிளாஸ் வேணாம் மேடம், ஏழாங்கிளாஸ் கடைசி பீரியடு குடுங்க, நான் கூட நிக்கறேன்" என்றார். கொடுத்தேன். நாற்பது நிமிஷம் கழித்து அந்த மனிதர் வெளியே வந்தபோது பூரண மௌனத்தில் இருந்தார். கேட் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் ஆணியில் புதுத் தாள்: "உதவிக்கு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாதே. உள்ளே அனுப்பு."

இந்த மனிதருக்கும் எனக்கும் போர் மூண்டது இரண்டு விஷயத்தில்.

ஒன்று, வருகைப் பதிவேடு. அரசாங்கப் பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்திலும் பென்சிலால் கிறுக்கியிருந்தார். "காவேரி: டீக்கடை. அப்பாவுக்கு இருமல், அதனால் இவள்தான் டீ ஆற்றுகிறாள்." "முருகன்: செருப்பு. டோக்கன் இவன் கையில்." "வராததற்குக் காரணம்: அசதி. தூங்கட்டும்." பதிவேட்டில் வந்தார், வரவில்லை என்ற இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்றை எழுதிய முதல் அரசு ஊழியர் அவராகத்தான் இருக்க வேண்டும். இனிமேல் கிறுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன்.

இரண்டாவது விஷயம்தான் பெரியது. பௌர்ணமிக்கு மறுநாள் அவர் இரண்டு தடவை மணி அடிப்பார். எங்கள் மணி என்பது புங்கமரத்தில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. ஒன்பது இருபதுக்கு முதல் மணி. ஒன்பது பேர் வருவார்கள். சரியாகப் பதினொரு மணிக்கு அவர் போய்ப் பட்டையைக் கிளப்புவார். அடி அண்ணாமலை வரைக்கும் கேட்கும். உடனே கண்ணைக் கசக்கிக்கொண்டு, தலை வாராமல், சந்து சந்தாகப் பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள்.

அது அவருக்கும் பெற்றோருக்கும் இருந்த ஒப்பந்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. கடை கடையாகப் போய் வாங்கிய வாக்கு. பிள்ளையை ராத்திரி பத்து மணிக்கு மேல் கடையில் நிறுத்தக் கூடாது, பின்னால் சாக்கு விரித்துத் தூங்க வைத்துவிட வேண்டும். அந்தச் சத்தத்தில் எந்தப் பிள்ளையும் ஒழுங்காகத் தூங்காது, அதனால் காலையில் அதைத் திட்டி எழுப்பக் கூடாது. இரண்டாவது மணிக்குக் கட்டாயம் அனுப்பிவிட வேண்டும். தாமதத்துக்கு யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

நான் கேட்டேன். கேட்டது மட்டுமா, விளக்கம் கேட்டு மெமோவும் கொடுத்தேன். பள்ளி என்ன சினிமா தியேட்டரா, காலைக் காட்சி, மதியக் காட்சி என்று ஓட்டுவதற்கு? மெமோவுக்கு அவர் எழுதிய பதில் இன்றும் எனக்கு மனப்பாடம்:

"இரண்டாவது மணி அடித்தது உண்மை. முதல் மணிக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். இரண்டாவது மணிக்கு வந்தவர்கள் ஐம்பத்து நான்கு பேர். இனி அடிக்க மாட்டேன்."

சொன்ன சொல் தவறவில்லை. அடிக்கவே இல்லை. பழைய மாணவர் ஒருவர் வாங்கிக் கொடுத்த மின்சார மணியை நான் மாட்டினேன். அதன் சத்தம் பள்ளிக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும். தண்டவாளத்தைக் கழற்றிச் சாமான் அறையில், உடைந்த பெஞ்சுகளுக்கு அடியில் போட்டேன். அதற்குப் பிறகு பௌர்ணமிக்கு மறுநாள் ஒன்பது பேரோடு பள்ளி தொடங்கி ஒன்பது பேரோடு முடிந்தது. இந்தக் கால ஜனங்களுக்குப் படிப்பில் அக்கறையே இல்லை என்று நான் ஊரைத் திட்டினேன். அவர் கரும்பலகையைத் துடைத்தார்.

சில மாதங்கள் கழித்து வந்தது வினை. எங்கள் பள்ளிப் பதிவேட்டில் பெயர்தான் இருக்கிறது, பிள்ளைகள் இல்லை என்று யாரோ ஒரு புண்ணியவான் மனு போட்டுவிட்டான். எந்தப் புண்ணியவான்? பௌர்ணமிக்கு மறுநாள் வந்து எட்டிப் பார்த்தவனாகத்தான் இருக்கும். அதிகாரி நேரில் வந்து தலையை எண்ணுவார் என்று உத்தரவு. ஆறு முதல் எட்டு வரை எழுபத்திரண்டு பெயர். அன்று பெஞ்சில் அறுபது பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும். குறைந்தால் கணக்கு ஆசிரியர் பணியிடம் உபரி. பஞ்சாங்கம் சாரை ஜவ்வாது மலைப் பக்கம் எங்கேயாவது தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆள் போனால் வேறு ஆள் வரும். பணியிடம் போனால் போனதுதான். அப்புறம் தமிழ் ஆசிரியை கணக்கு எடுக்க வேண்டும். அல்லது நான் எடுக்க வேண்டும். என் கணக்கின் லட்சணம் என் வீட்டுப் பால்காரருக்குத் தெரியும்.

அதிகாரி வியாழக்கிழமை வருவதாகப் போனில் சொன்னார். நான் முதல் முறையாகப் பஞ்சாங்கம் சாரைக் கூப்பிட்டு, "சார், கொஞ்சம் அதைப் பாருங்க" என்று அவர் சட்டைப் பையைக் காட்டினேன். அந்த மனிதர் முகத்தில் ஒரு வெற்றிப் புன்னகை வந்திருக்கலாம். வரவில்லை. ரப்பர் பேண்டை எடுத்தார்.

"பௌர்ணமி புதன்கிழமை சாயங்காலம் ஆரம்பிக்குது மேடம். வியாழன் ராத்திரி எட்டரைக்கு முடியுது. கூட்டம் புதன் ராத்திரிதான் வரும். வியாழக்கிழமை புள்ளைங்க தூங்குங்க. வேணாம். வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்க. எழுபதுக்குக் கம்மியாகாது."

எதற்கும் இருக்கட்டும் என்று அந்த ஊர்க் கோயில் குருக்களிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "தேங்கா எத்தனை வாங்கிப் போடணும்னு நானே உங்க சாரைக் கேட்டுத்தாம்மா வாங்குவேன். அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்." அதிகாரியிடம் கெஞ்சி வெள்ளிக்கிழமைக்கு மாற்றினேன்.

புதன்கிழமை சாயங்காலம் வானம் பொத்துக்கொண்டது. கொட்டித் தீர்த்துவிட்டது மழை. கிரிவலப் பாதையில் ஈ காக்கை இல்லை. கடைக்காரர்கள் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு வீட்டில் போய் நிம்மதியாகத் தூங்கினார்கள். விளைவு, வியாழக்கிழமை காலையில் அறுபத்தெட்டுப் பேர் தலை வாரிப் பொட்டு வைத்து வந்து நின்றார்கள். அதிகாரி வர வேண்டாம் என்று நாங்கள் கெஞ்சித் தள்ளிவைத்த அதே வியாழக்கிழமை! அதிகாரிக்குப் போன் போட்டேன். அவர் வேறொரு பள்ளியில் தலை எண்ணிக்கொண்டிருந்தார்.

முதல்நாள் மழைக்கு வராத கூட்டம் வியாழக்கிழமை ராத்திரி சேர்த்து வைத்து வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு மின்சார மணி கிணுகிணுத்தபோது பள்ளியில் பதினான்கு பேர்.

பஞ்சாங்கம் சார் என் அறைக்கு வந்தார். கையில் காலண்டர் தாள்களை ஒரு கட்டாகக் கட்டியிருந்தார், ஆணியில் இருந்த எல்லாத் தாள்களும்.

"கணக்கு தப்பாயிடுச்சு மேடம். மழையை நான் சேர்க்கல." அவ்வளவுதான் சொன்னார். கட்டை மேஜையில் வைத்தார். "அடுத்து யாரு கணக்கு எடுக்க வந்தாலும் குடுங்க."

"போஸ்ட்டே போயிடும்ங்கறேன், அடுத்து யாரு சார் வருவாங்க?" எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "நின்னு பேசாதீங்க. என் ஸ்கூட்டியை எடுங்க. உங்களுக்குத்தான் ஒவ்வொரு புள்ள வீடும் தெரியுமே. போய் எழுப்பிக் கூட்டிட்டு வாங்க. பத்து மணிக்கு அதிகாரி வந்துடுவாரு."

அவர் அசையவில்லை.

"ராத்திரி பூரா நிக்க இடமில்லாத கூட்டம் மேடம். அந்தச் சத்தத்துல எந்தப் புள்ள தூங்கியிருக்கும்? இப்பதான் வீட்டுக்குப் போயி படுத்திருக்கும். என் போஸ்ட்டுக்காக அதை உலுக்கி எழுப்பச் சொல்றீங்களா? என்னால ஆகாது மேடம்."

"அப்ப என்னதான் சார் பண்றது? பதினோரு மணிக்கு..." என்று ஆரம்பித்தவள் அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

"அது உங்க ஆர்டர்ல இல்லீங்களே மேடம்," என்றார் மிகவும் மரியாதையாக. அப்புறம் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பதினான்கு பேருக்குப் பின்னம் நடத்தப் போய்விட்டார்.

அவர் போனபின் பதிவேட்டைத் திறந்தேன். என் உத்தரவுக்குப் பிறகு அவர் புதிதாக எதுவும் கிறுக்கவில்லை. பழைய பென்சில் எழுத்துகள்தான். டீக்கடை. செருப்பு. தூங்கட்டும். அந்த ஒரு பக்கத்தை முழுதாக நான் படித்தது அன்றைக்குத்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை மாதம் நான் திட்டிய ஊர் இந்தப் பக்கத்துக்குள் இருந்திருக்கிறது.

சத்துணவு சமையலர் செல்லம்மாவைக் கூப்பிட்டேன். "செல்லம்மா, சாமான் ரூம்ல அந்த தண்டவாளம் இருக்குதில்ல?"

"அத்தெ எதுக்கு பெரிய டீச்சர்? பழைய இரும்புக்குப் போடறீங்களா?"

"மரத்துல மாட்டு. சத்தம் வரக் கூடாது."

பத்து மணிக்கு அதிகாரி டாணென்று வந்து இறங்கினார். நேரம் தவறாத மனிதர், என்னைப் போலவே. அன்றைக்குத்தான் அந்தக் குணம் எவ்வளவு எரிச்சலானது என்று தெரிந்தது. பதினொன்று வரை இவரைப் பிடித்து வைக்க வேண்டும். எனக்கு இருந்த ஒரே ஆயுதம் மேஜையில் இருந்த அந்தக் காலண்டர் தாள் கட்டு.

"அதிகாரி வரும் நாளில் கழிப்பறைச் சாவியை இடுப்பில் வைத்துக்கொள். இல்லாவிட்டால் சாவி தேடுவதிலேயே கால் மணி போய்விடும்" என்று ஒரு தாள். நான் இடுப்பில் இருந்த சாவியை மேஜை டிராயரின் ஆழத்தில் போட்டுவிட்டு, ஊரெல்லாம் தேடினேன். கால் மணி போயிற்று. "வருகைச் செயலி திறக்கவில்லை என்று புலம்பாதே. அதிகாரியையே திறக்கச் சொல்." சொன்னேன். அவர் போனை வைத்துக்கொண்டு சிக்னலுக்காக மைதானத்தின் நாலு மூலைக்கும் நடந்தார், ஒரு குட்டி கிரிவலம். இன்னொரு கால் மணி.

"அவர் நட்ட மரத்தைக் காட்டு. எந்த அதிகாரியும் தன் மரத்தை விட்டு சீக்கிரம் நகர மாட்டார்." காட்டினேன். போன வருஷம் அவர் நட்டது வேப்பங்கன்று. அதை ஆடு மேய்ந்துவிட்டதால் அதே குழியில் பஞ்சாங்கம் சார் ஒரு புங்கங்கன்றை வைத்திருந்தார்.

அதிகாரி இலையைத் தடவிப் பார்த்தார். "நான் வேம்புதானே நட்டேன்?"

"நல்லா வளர்ந்துடுச்சு சார்," என்றேன். என் பணிக்காலத்தில் நான் சொன்ன முதல் பொய். கூசவே இல்லை.

கடைசியாகச் சாம்பார். "சத்துணவை ருசி பார்க்கச் சொல். வாயில் சாம்பார் இருக்கும்போது யாராலும் கேள்வி கேட்க முடியாது." செல்லம்மா ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தாள். அவர் கையைக் கழுவிவிட்டு, "போதும்மா, கிளாஸுக்குப் போய் எண்ணிடலாம்" என்று எழுந்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று தாண்டிவிட்டது. "ஒரே நிமிஷம் சார்" என்று வெளியே ஓடினேன்.

தண்டவாளத்தை அடிக்கிற அந்த இரும்புக் கம்பியை நான் அதுவரை தொட்டதே இல்லை. முதல் அடியில் என் தோள்பட்டை இறங்கிவிட்டது. இரண்டாவது அடியில் புடவைத் தலைப்பு அவிழ்ந்தது. அதற்கப்புறம் எண்ணவில்லை. அடித்துக்கொண்டே இருந்தேன். மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. வகுப்பறை வாசலில் பஞ்சாங்கம் சார் சாக்பீஸோடு வந்து நின்றார். அதிகாரி மறு வாசலில் நின்றார். சாலையில் ஒருவரும் இல்லை.

பல மாதம் கேட்காத மணி. நானே நிறுத்திய மணி. இப்போது அடித்தால் மட்டும் எதற்கு வர வேண்டும்? கம்பியை இறக்கிவிட்டு நின்றேன். அண்ணாமலையாரே, எனக்காக வேண்டாம், அந்த மனுஷனுக்காக, என்று வேண்டிக்கொண்டேன்.

முதலில் வந்தது முருகன். இரண்டு காலில் இரண்டு விதச் செருப்பு. அவனுக்குப் பின்னால் மூன்று பெண்கள், ஒருத்தி மற்றவளுக்கு நடந்தபடியே சடை பின்னிக்கொண்டு. அப்புறம் சந்துகளிலிருந்து, தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து, தேங்காய் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து, சட்டையை மாற்றிப் போட்டபடி, கொட்டாவி விட்டபடி வந்தார்கள். "ரெண்டாவது மணிடா! ரெண்டாவது மணிடா!" என்று ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

அதிகாரி பெஞ்சு பெஞ்சாக எண்ணினார். ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. அத்தோடு நின்றது. திரும்ப ஒருமுறை எண்ணினார். ஐம்பத்தொன்பதுதான். பேனாவைத் திறந்தார்.

அப்போது வாசலில் ஒரு குரல். "உள்ள வரலாமா சார்?" காவேரி. கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் டம்ளர் அடுக்கு. "மணிச் சத்தம் கேட்டதும் அப்பா எழுப்பி உட்டுச்சு சார். ஸ்கூலு முன்னால ஜீப்பு நிக்குது, ஆபீசரு வந்திருக்காங்கபோல, டீ எடுத்துட்டுப் போன்னுச்சு. அதான் லேட்டு."

"உக்காரும்மா, முதல்ல உக்காரு," என்றேன் நான். அந்தப் பெண்ணைத் தூக்கிப் பெஞ்சில் வைக்காத குறை.

அதிகாரி அறுபது என்று எழுதினார். காவேரி ஊற்றிய டீயைக் குடித்துக்கொண்டே, "இந்த ஸ்கூல்ல எதுக்கும்மா பதினோரு மணிக்கு மணி அடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"பௌர்ணமிக்கு மறுநாள் எங்க ஸ்கூல்ல ரெண்டு மணி சார்," என்றேன். "ரொம்ப வருஷமா அப்படித்தான்." இரண்டாவது பொய். அது பொய்யில்லை என்றும் சொல்லலாம், நடுவில் நான் ஒருத்தி வந்து கெடுத்ததைக் கழித்துவிட்டால். பதிவேட்டைக் காட்டினேன். பென்சில் எழுத்துகளை அவர் வெகுநேரம் படித்தார். டீ நன்றாக இருப்பதாகக் காவேரியிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

ஜீப் திரும்பியதும் பஞ்சாங்கம் சார் என்னிடம் வந்தார். நன்றி சொல்லப் போகிறார், கண் கலங்கப் போகிறார், நானும் கலங்க வேண்டியிருக்கும் என்று முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"மேடம்."

"சொல்லுங்க சார்."

"ரெண்டு நிமிஷம் லேட்டா அடிச்சிட்டீங்க."

அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த காலமெல்லாம் பௌர்ணமிக்கு மறுநாள் இரண்டாவது மணியை அவர்தான் அடித்தார். மெமோவை மட்டும் திரும்பப் பெற முடியவில்லை, அனுப்புகைப் பதிவேட்டில் எண் விழுந்துவிட்டது. அவர் அதை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துக்கொண்டார், பக்க அடையாளத்துக்கு.

கோடை விடுமுறையில் ஓய்வு பெற்றேன். ஓய்வு எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களிடமெல்லாம் ஆனந்தமாக இருக்கிறது என்றேன். தினமும் காலை ஒன்பது இருபது ஆனதும் நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்லவில்லை. ஜூனில் பள்ளி திறந்தது. அந்த மாதப் பௌர்ணமிக்கு மறுநாள், காலை பத்தரை மணிக்கு, போனில் ஒரு படம் வந்தது. பஞ்சாங்கம் சாருடைய ஏழாம் வகுப்பு வருகைப் பதிவேடு. கடைசிப் பிள்ளையின் பெயருக்குக் கீழே பென்சிலால் ஒரு வரி கூடுதலாக இருந்தது.

"பெரிய டீச்சர். வராததற்குக் காரணம்: அசதி. தூங்கட்டும். இரண்டாவது மணிக்கு வருவார்."

அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, தலைகூட வாராமல் ஸ்கூட்டியை எடுத்தேன். செங்கம் ரோட்டில் கூட்டம் கலைந்த குப்பையும் நெரிசலும் இன்னும் தீரவில்லை. ஆனாலும் அன்றைக்கு இரண்டு நிமிஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தேன். அவர் கம்பியோடு மரத்தடியில் நின்றிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுத்தான் அடித்தார்.